பல் அச்சு எடுத்த மூன்று நிமிடம்

மஞ்சேரியில் அன்று பிடித்தால் விடாத மழை. நனைந்த கோழியாக உள்ளே ஓடிவந்தவன், காத்திருந்தவர்களைத் தாண்டி நேராகப் பல் டாக்டர் ஹன்னத்தின் சிகிச்சை நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டான்.

"வெளியில வரிசை இருக்கு. தெரியலையா?"

"கோல்கீப்பர்கிட்ட போய் வரிசை கேக்குறீங்களே டாக்டரே... பந்து என்ன வரிசையிலயா வருது?"

சிரித்தான். முன்பல் இரண்டைக் காணோம். போன வருடம் ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்தில் பாய்ந்து பந்தைப் பிடித்தவன், கூடவே ஒரு பூட்ஸையும் வாயில் வாங்கிக்கொண்டானாம். பெயர் ஜௌஹர். அந்த ஓட்டைச் சிரிப்புக்கு மேலே இரண்டு கண்கள்... மழையில் கழுவி எடுத்தது போல. வந்த கோபம் எங்கே போனதென்று ஹன்னத்துக்கே தெரியவில்லை.

"ஒரு வருஷம் சும்மா இருந்துட்டு, இப்ப என்ன அவசரம்?"

"ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்கப் போகணும். சனிக்கிழமைக்குள்ள கழட்டி மாட்டுற பல்லு செட்டு ஒண்ணு செஞ்சு குடுங்க."

சுருக்கென்றது. பார்த்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, இவன் யாரைப் பார்த்தால் எனக்கென்ன? நியாயம்தான்... ஆனாலும் வயிறு எரிந்தது.

ரோஸ் நிற அச்சுமாவைக் குழைத்து, தட்டில் நிரப்பி, அவன் வாய்க்குள் வைத்து அழுத்தினாள். இறுகும்வரை மூன்று நிமிடம் அவனால் பேச முடியாது. அவள் நாக்குதான் சும்மா இருக்கவில்லை.

"பொண்ணு அழகா?"

தலையாட்டினான்.

"மனசுக்குப் பிடிச்சுப்போச்சா?"

இன்னும் வேகமாக ஆட்டினான்.

"ஆட்டாதீங்க. அச்சு கெட்டுடும்" என்று சிடுசிடுத்தாள்.

அச்சு அருமையாக வந்தது. உடனே அதில் பிளாஸ்டர் ஊற்ற வேண்டும்; விட்டால் காய்ந்து சுருங்கிவிடும். முதல் வருடம் படிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த பாடம். ஹன்னத் அதை ஜன்னலோரம் வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். சாயங்காலம் அது சுருங்கிக் கிடந்ததைப் பார்த்தபோது அழுகை வந்தது. கூப்பிட்டுச் சொல்லவும் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

சனிக்கிழமை வந்து நின்றான்.

"பல்லு எங்க டாக்டரே?"

பல் செய்து தரும் லேப்காரர்கள் மேல் பழியைப் போட்டிருக்கலாம். வாய் வரவில்லை.

"செய்யல. அச்சைக் காயவிட்டுட்டேன்... வேணும்னேதான்."

"ஏன்?"

"பல்லு இல்லாம போக மாட்டீங்கன்னு. உங்க சிரிப்பை அந்தப் பொண்ணு பாக்கக் கூடாதுன்னு. பொறாமை... போதுமா?"

ஜௌஹர் அதே நாற்காலியில் போய் உட்கார்ந்தான். "அந்தப் பொண்ணை நான் போட்டோல கூடப் பாத்ததில்லையே."

"அழகான்னு கேட்டப்போ தலையாட்டினீங்க?"

"வாய் நிறைய மாவு. ஆட்டத்தான் முடிஞ்சுது. யாரைப் பாத்து ஆட்டினேன்னு நீங்க கவனிச்சீங்களா?"

அவள் காதுமடல் சிவந்துபோனது. அவன் போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டான்.

"இத்தாத்தா... நாளைக்கு நாம வரலைன்னு அந்த வீட்ல சொல்லிடு. ஆமா, பல்லு இன்னும் ஆகல." ஹன்னத்தையே பார்த்தபடி சொன்னான். "இல்ல... அதுக்காக இல்ல. பொண்ணு பாத்தாச்சு."