அக்சுமின் வீழ்ச்சியைச் சுமந்தவள்

காலையில் எழுந்ததும் நினைவேந்திகள் செய்வதைத்தான் அஸ்மெரெத்தும் செய்தாள். நெற்றியில் சோதனைப் பட்டையைக் கட்டிக்கொண்டு, மனத்தில் இருந்த பழங்கால அக்சும் பேரரசை ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். ஒற்றைக் கல்லில் செதுக்கி நிறுத்திய நெடுந்தூண்கள், செங்கடல் துறைமுகத்துக்கு இறங்கும் யானைத் தந்தம், பொற்காசில் அரசர் முகம். எதுவும் மங்கவில்லை.

சூரியப் புயல் உலகத்துக் கணினிகளைக் கருக்கிவிட்டது. காகிதத்தை மனிதர்கள் அதற்கு முன்பே கைவிட்டிருந்தார்கள். மீட்க முடிந்த வரலாறுகளை உயிருள்ள மூளைகளில் பதித்துவைத்தார்கள்; அப்படிச் சுமப்பவர்களே நினைவேந்திகள். அக்சுமின் எழுச்சி அஸ்மெரெத்திடம் இருந்தது. வீழ்ச்சி, கெப்ரே என்ற முதியவரிடம்.

அன்று கெப்ரே நினைவிழந்து கிடப்பதாகச் செய்தி வந்தது. மகள் ரிஷானுடன் மருத்துவமனைக்கு ஓடினாள்.

"இவர்கிட்ட இருக்கிறதை இன்னைக்குள்ள வேற மூளைக்கு மாத்தியாகணும்," என்றார் மருத்துவர் செனாயித். "எழுச்சி இருக்கிற மூளையிலதான் வீழ்ச்சி ஒட்டும். அதனால நீங்கதான். ஆனா உங்ககிட்ட இடமில்லை. சொந்த ஞாபகம் பத்து வருஷத்தை அழிக்கணும்."

"எந்தப் பத்து வருஷம்?"

மருத்துவர் ரிஷானைப் பார்த்தார். "அந்த அளவுக்கு அடர்த்தியா இருக்கிறது ஒண்ணுதான். இவ பொறந்ததுல இருந்து பத்து வயசு வரைக்கும்."

ரிஷான் தாயின் கையைப் பிடித்தாள். "வேண்டாம்மா. ஒரு ராஜ்யம் விழுந்த கதை போனா போகட்டும்."

"மலைக்காட்டை வெட்டலாமான்னு முடிவெடுக்க நாளைக்கு ஊர்ச்சபை கூடுது. கடல் முழுங்கின ஊர்க்காரங்களைக் குடியேத்த இடம் வேணும்னு கேக்கறாங்க."

"காடு போனா மண்ணு போகும்னு நீ சொன்னா கேக்க மாட்டாங்களா?"

"போன மாசமே சொன்னேன். ஆதாரம் எங்கேன்னாங்க. அக்சும்காரங்க காட்டை வெட்டி வயலை இழந்ததும் இதே மலையிலதான்; மண்ணடுக்கைத் தோண்டிப் பார்த்தவங்க கண்டதெல்லாம் கெப்ரேகிட்டதான் இருக்கு." அஸ்மெரெத் கட்டிலில் ஏறிப் படுத்தாள். "ஆரம்பிங்க டாக்டர்."

மறுநாள் சபையில் அவள் வெகுநேரம் பேசினாள். எந்தச் சரிவில் முதலில் மரம் விழுந்தது, எந்த ஓடை சேறானது, கடல் வணிகம் கைநழுவிய அதே காலத்தில் வயல்கள் எப்படி மெலிந்தன என்றெல்லாம் இடம் சுட்டிச் சொன்னாள். குறுக்கே கேட்டவர்களுக்குத் தயங்காமல் பதில் சொன்னாள். கடைசியில் சபை காட்டைத் தொடுவதில்லை என்றும், மேற்கே கல்தரையில் வீடுகள் கட்டுவதென்றும் முடிவெடுத்தது.

வெளியே ரிஷான் நின்றிருந்தாள். அஸ்மெரெத்துக்கு அவளைத் தெரிந்தது. பத்து வயதுச் சிறுமியாகத் திடீரென்று வாழ்க்கைக்குள் வந்து நின்ற மகள். அதற்கு முந்தைய மகளை மனத்தில் தேடிப் பார்த்தாள். வறண்ட சரிவுகளும் இடிந்த சுவர்களுமே வந்தன.

இருவரும் இறக்கத்தில் நடந்தார்கள்.

"அப்பாவும் இல்லை," என்றாள் ரிஷான். "கைக்குழந்தையா நான் எப்படி இருந்தேன்னு இனி யாரைக் கேக்கிறது?"

அஸ்மெரெத் அதை எண்ணிப் பார்த்திருக்கவில்லை. தன்னுடையதை மட்டும்தான் கொடுத்ததாக நினைத்திருந்தாள்.

"அதை என்னால திருப்பித் தர முடியாது," என்றாள். "உனக்கு ஞாபகம் இருக்கிற இடத்துல இருந்து சொல்லு. நான் வெச்சுக்கறேன்."

"இடம் இருக்கா?"

"உண்டாக்குவேன்."

ரிஷான் தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "எனக்கு மூணு வயசு இருக்கும். என்னை முதுகுல கட்டியிருந்தே. மழை வந்துச்சு. நீ ஓட ஆரம்பிச்சே."

அஸ்மெரெத் ஒரு சொல்லும் தவறாமல் கேட்டுக்கொண்டு நடந்தாள்.