எம்.பி. கேட்காத கேள்வி!

போன் அலறியது!

சுபஹு தொழுத பாயிலேயே சுவரில் சாய்ந்திருந்த நதீரா, மூடிய கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி எடுத்தாள்.

"ராத்தா... நான்தான்."

தம்பி நளீம். அவளுடைய இணைப்புச் செயலாளர். காரை ஓட்டுவதும் அவன். அவளைத் தேடி வருகிறவர்களை உட்கார வைப்பதும் அவன்.

"என்னடா வெள்ளனையோட?"

"பர்ஸான் மௌத்து ராத்தா!"

கண் திறந்தது.

"எந்தப் பர்ஸான்?"

"கல்லணை வேலையப் பார்த்த டி.ஓ. பர்ஸான்தான். கரைவலைக்காரங்க மணல்ல கண்டிரிக்காங்க. கடல்ல தவறி விழுந்திட்டான் எண்டு கதைக்காங்க..."

இன்னாலில்லாஹி...

நதீரா எழுந்திருக்க முயன்றாள். இடுப்பு ஒத்துழைக்கவில்லை. இப்போதெல்லாம் எதுவுமே அவளோடு ஒத்துழைப்பதில்லை.

மூன்றாவது தடவையாகப் பாராளுமன்றம் போனவள். வைத்தியசாலைக்கு மருந்து ஏன் வரவில்லை? குடிநீர் ஏன் உவர்க்கிறது? கடல் ஏன் ஊரைத் தின்கிறது? கேட்டுக் கேட்டே நரைத்தாள். அமைச்சர்கள் மாறினார்கள். கொடிகள் மாறின.

பதில் மட்டும் மாறவில்லை!

மருதமுனைக் கடற்கரையில் அலையைத் தடுக்கப் போட்ட கல்லணை, கட்டி முடித்த அடுத்த மழைக்கே உட்கார்ந்துவிட்டது. கடலோர வீடுகளில் ஒரு வரிசை போயே போய்விட்டது. அந்த வேலையை மேற்பார்வை பார்த்த தொழில்நுட்ப உத்தியோகத்தன்தான் பர்ஸான். முந்தாநாள் பயந்து பயந்து அவளுடைய காரியாலயத்துக்கு வந்தான். நளீம்தான் கூட்டிவந்து உட்கார வைத்தான்.

"மேடம்... வெளியில மட்டும்தான் கல். உள்ளுக்க முழுக்க மணல் மூடை. ஒருங்கிணைப்புக் கூட்டத்துல கேளுங்க. நான் எழும்பிச் சொல்றன்."

"வேல போயிரும் தம்பி..."

"போனாப் போகட்டும் மேடம். அந்த வரிசையில என்ட மாமிட வீடும் போயிட்டு."

கூட்டம் இன்றைக்கு. பேச இருந்தவன் மணலில் கிடக்கிறான்.

தவறி விழுந்தானா...?

நதீரா போனைக் காதோடு அழுத்தினாள்.

"காரை எடு நளீம்."

"கூட்டத்த ஒத்தி வைக்கச் சொல்லட்டா ராத்தா? நீங்களும் களைச்சுப் போயிட்டீங்க..."

"களைப்பு எண்டைக்கு இல்ல? காரை எடு."

---

மௌத்து வீடு. முற்றத்தில் ஆண்கள் பிளாஸ்டிக் கதிரைகளில் மௌனமாக இருந்தார்கள். மையத்து இன்னும் ஆஸ்பத்திரியிலிருந்து வரவில்லை.

உள்ளே, வெள்ளைத் துணியை இழுத்துப் போர்த்தியபடி பர்ஸானின் மனைவி பஹ்மிதா. அழுது ஓய்ந்த முகம்.

நதீராவைக் கண்டதும் அந்த முகத்தில் நெருப்புப் பற்றியது!

"ஏன் வந்தீங்க?"

"புள்ள..."

"கூப்பிட்டு அனுப்பிட்டு இப்ப மையத்துப் பார்க்க வந்தீங்களா?"

நதீராவுக்குப் புரியவில்லை.

"ஆரு கூப்பிட்ட?"

"நீங்கதான்! நேத்து மஃரிப் தொழுதிட்டு வந்து சாப்பிட இருந்தாரு. கோல் ஒண்டு வந்திச்சு. 'எம்.பி. மேடம் கல்லணைக்கிட்ட வரச் சொல்றாவாம், இப்ப வாறன்' எண்டு சேட்ட மாட்டிக்கிட்டுப் போனாரு. சோறு போட்டபடியே கிடந்திச்சு..."



நதீரா மெதுவாக அவளருகே பாயில் அமர்ந்தாள்.

"அல்லாஹ் மேல ஆணையா நான் கூப்பிடல்ல புள்ள."

பஹ்மிதா அவளையே பார்த்தாள்.

"அப்ப உங்கட பேரச் சொல்லிக் கூப்பிட்டது ஆரு?"

நல்ல கேள்வி.

நதீரா அமைச்சர்களைப் போலவே தலையைக் குனிந்துகொண்டாள்.

வெளியே வந்தபோது வேலியோரம் பொலிஸ் ஜீப் நின்றது. இன்ஸ்பெக்டர் கேதீஸ்வரி. தம்பிலுவில்காரி. குறைவாகப் பேசுவாள், அதிகமாகப் பார்ப்பாள்.

"என்ன தங்கச்சி, தவறி விழுந்ததுதானா?"

"நெஞ்சுக்குள்ள தண்ணி போயிருக்கு மேடம். கடல்லதான் செத்திருக்கிறார்." கேதீஸ்வரி குரலைத் தாழ்த்தினாள். "ஆனா வலது கணுக்கால் நசுங்கிப் போய்க் கிடக்கு. வெறும் மணல்ல கிடந்த ஆளுக்கு கால் எப்பிடி நசுங்கும்? போனையும் காணயில்ல. கோல் எடுத்த ஆளைக் கண்டுபிடிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறன். பதில் வரச் சுணங்கும்."

"இண்டைக்குக் கூட்டத்துக்கு வாங்க."

"கல்லணைக் கூட்டத்துல பொலிசுக்கு என்ன வேலை மேடம்?"

"தெரியா. வந்து சும்மா இருங்க. மத்த எல்லாரும் அதத்தானே செய்யிறாங்க!"

---

கல்முனை. பிரதேச செயலக மண்டபம்.

மின்விசிறி சுற்றியது. காற்று வரவில்லை. மேசைகளில் தண்ணீர்ப் போத்தல்களும் ஆறிப்போன பெட்டிஸ் பலகாரமும்.

நடு நாற்காலியில் பிரதி அமைச்சர் ஸலாஹுதீன். எந்தக் கூட்டத்திலும் பாதித் தூக்கத்தில் இருப்பவர். அவருக்கு இடப்பக்கம் பொறியியலாளர் மஜீட். விசிறிக்கு நேர் கீழே இருந்தும் வியர்த்துக்கொண்டிருந்தார்.

நதீராவின் நாற்காலிக்குப் பின்னால், அவளுடைய கைப்பையோடு நளீம் நின்றான். மண்டபத்தின் கடைசிக் கதிரையில் கேதீஸ்வரி.

"மேடம்..." ஸலாஹுதீன் கொட்டாவியை விழுங்கினார். "கவலையான விசயம் ஒண்டு நடந்திரிக்கு. கல்லணைக் கதைய அடுத்த கூட்டத்துக்கு எடுப்பமே?"

"கவலையான விசயம் நடந்ததாலதான் இண்டைக்கே எடுக்கணும் சேர்."

நதீரா எழவில்லை. உட்கார்ந்தபடியே மைக்கை இழுத்துக்கொண்டாள்.

"எஞ்சினியர் சேர்... கல்லணைக்குள்ள என்ன இரிக்கு?"

மஜீட் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தார்.

"கல்தான் மேடம்."

"வெளியிலயா, உள்ளுக்கயா?"

"ரெண்டுலயும்..."

"நீங்க பார்த்தீங்களா?"

"பர்ஸான்தான் பார்த்தாரு."

"பார்த்திட்டு உங்கள்ட்ட என்ன சொன்னாரு?"

மஜீட் கைலேஞ்சியை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

"சேர், அந்தப் புள்ள மையத்தாக் கிடக்கு. நாளைக்கு எழும்பி வந்து உங்களப் பொய்யாக்க மாட்டாரு. இண்டைக்கு நீங்களாச் சொல்லுங்க!"

மஜீடின் கையிலிருந்த கைலேஞ்சி நனைந்திருந்தது.

"உள்ளுக்க மணல் மூடைதான் எண்டாரு..."

மண்டபம் சலசலத்தது! பின்வரிசையில் யாரோ கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள்!

"அவரு சொன்னத நீங்க என்ன செஞ்சீங்க?"

"மேல சொன்னன் மேடம்."

"மேல எண்டா வானத்துக்கா?"

மஜீட் வாயால் பதில் சொல்லவில்லை. அவருடைய கண்கள் சொல்லின. பிரதி அமைச்சரைப் பார்த்தன.

நதீரா திரும்பினாள்.

"ஸலாஹுதீன் சேர். பாராளுமன்றத்துல நான் கேட்ட நேரம், முழுக்கக் கருங்கல் எண்டு சொன்னீங்க."

"எழுதித் தந்தத வாசிச்சன் மேடம். நான் என்ன, கடலுக்க இறங்கியா பார்க்க ஏலும்?"

"பர்ஸான் இண்டைக்கு இஞ்ச எழும்பிக் கதைக்க இருந்தாரு. அது உங்களுக்குத் தெரியுமா?"

"ஓம், தெரியும்."

சொன்ன பிறகுதான் ஸலாஹுதீனுக்கு முழுத் தூக்கமும் கலைந்தது!

"எப்பிடித் தெரியும் சேர்?"

"அது..."

"பர்ஸான் என்னோட மட்டும்தான் கதைச்சாரு. அது உங்கட காதுக்கு வந்தது எப்பிடி?"

ஸலாஹுதீன் கதிரையில் நிமிர்ந்தார். அவருடைய பார்வை நதீராவின் தோளைத் தாண்டிப் போனது. மீண்டும் அவளிடம் வந்தது. அதில் கோபம் இல்லை. பரிதாபம் இருந்தது.

"மேடம்... இந்தக் கேள்விய இத்தோட விடுங்க. உங்கட நல்லதுக்குத்தான் சொல்றன்."

"இத்தன காலமாக் கேக்கிறன் சேர். எனக்கும் அலுத்துப் போச்சு. ஒரே ஒரு கேள்விக்காவது பதில் சொல்லுங்க!"

ஸலாஹுதீன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"உங்கட தம்பி சொன்னாரு."

நதீரா மைக்கைத் தள்ளி வைத்தாள்.

"என்ன...?"

"நளீம்தான் போன் எடுத்தாரு. 'பர்ஸான் ராத்தாட்ட வந்து எல்லாத்தையும் சொல்லிட்டான். நீங்க யோசிக்காதீங்க, அவனோட கதைச்சு வழிக்குக் கொண்டாறது என்ட பொறுப்பு' எண்டாரு. கல் ஏத்தின லொறியெல்லாம் அவர்ர மச்சான்ட பேருலதானே ஓடிச்சு? ஊருக்கே தெரியும் மேடம். உங்களுக்கும் தெரியும் எண்டுதான் நான் இவ்வளவு நாளும் நினைச்சன்..."

"பொய்!"

நளீம் கத்தினான். கைப்பை கீழே விழுந்தது!

கடைசிக் கதிரை காலியாக இருந்தது. கேதீஸ்வரி எப்போது எழுந்தாள், எப்போது கதவருகே வந்தாள், யாரும் கவனிக்கவில்லை.

"நேற்றுப் பின்னேரம் எங்க இருந்தீங்க நளீம்?"

"வீட்டுலதான்! வேற எங்க?"

"பர்ஸானுக்குக் கோல் எடுத்தீங்களா?"

"நான் ஏன் எடுக்கப் போறன்?"

நதீரா மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மெதுவாகத் தம்பியின் பக்கம் திரும்பினாள். உம்மா மௌத்தான பிறகு அவள் தூக்கி வளர்த்த முகம்.

"என்ட பேரச் சொல்லிக் கூப்பிட்டது நீயாடா?"

"ராத்தா..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு!"

"நான் தள்ளல்ல ராத்தா! அல்லாஹ் அறிய நான் கைவைக்கல்ல! கல்தான் சரிஞ்சிச்சு!"



கேதீஸ்வரி அமைதியாகக் கேட்டாள்:

"எந்தக் கல்? மையத்து மணல்லதானே கிடந்தது?"



நளீம் தரையில் குந்திவிட்டான்.

"கதைக்கத்தான் கூப்பிட்டன்... நீங்க கூப்பிட்டாத்தான் வருவான் எண்டு உங்கட பேரச் சொன்னன். கூட்டத்துக்கு வராத எண்டு கெஞ்சினன். அவன் கேக்கல்ல. 'உள்ளுக்க என்ன கிடக்கு எண்டு நீங்களே பாருங்க' எண்டு கல்லுல ஏறினான்... அந்த இடம் அப்படியே உள்ளுக்க இறங்கிச்சு. கால் மாட்டிக்கிட்டு..."

"உயிரோட இருந்தானா?" நதீரா கேட்டாள்.

"கூப்பிட்டான்... நளீம் காக்கா, நளீம் காக்கா எண்டு கூப்பிட்டான். அலை ஏறி அடிச்சிச்சு. போன் மட்டும் மணல்ல விழுந்து கிடந்திச்சு. அத எடுத்துக்கிட்டு..."

"எடுத்துக்கிட்டு?"

"வந்திட்டன்."

மேலே விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

விடியும்வரை கடல் இடித்து இடித்துக் கல்லைப் புரட்டி, பர்ஸானை விடுவித்துக் கரையில் போட்டிருக்கிறது. கூடப் போன மனிதன் செய்யாததைக் கடல் செய்திருக்கிறது!

"வாப்பாட பேரக் கெடுத்திட்டியேடா..." நதீரா முணுமுணுத்தாள்.

நளீம் தலையை உயர்த்தினான். அழுத கண்களில் திடீரென்று ஒரு வெறி!

"நான் மட்டுமா கெடுத்தன்? ஊரெல்லாம் உங்கட போஸ்டர் ஒட்டினேனே... மேடை போட்டேனே... வாகனம் வாகனமாச் சனம் ஏத்தினேனே... அதுக்கெல்லாம் காசு எங்க இருந்து வருது எண்டு ஒரு நாளாவது என்னட்டக் கேட்டீங்களா ராத்தா? ஊர்ல உள்ள எல்லாரிட்டயும் கேள்வி கேட்டீங்க! என்னட்ட மட்டும் கேக்கல்ல!"



நதீராவுக்குப் பதில் தெரிந்திருந்தது. கேட்டால் என்ன பதில் வரும் என்று பயந்துதான் அவள் ஒருநாளும் கேட்கவில்லை.

கேதீஸ்வரியோடு வந்திருந்த இரண்டு பொலிஸார் நளீமைத் தூக்கி நிறுத்தினார்கள். கதவருகே போனபோது அவன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். நதீரா முகத்தைத் திருப்பவில்லை. கடைசிவரை பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு குனிந்து, தரையில் கிடந்த கைப்பையைத் தானே எடுத்துக்கொண்டாள்.

மஜீடையும் வாக்குமூலத்துக்குக் கூட்டிப் போனார்கள்.

ஸலாஹுதீன் தொண்டையைச் செருமினார்.

"அப்ப... அடுத்த விசயம்... தெருநாய்த் தொல்லை..."

"சேர்!" நதீரா அவரைப் பார்த்தாள். "உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருந்திச்சு. ஒரு வார்த்த முதல்லயே சொல்லியிருந்தா அந்தப் புள்ள உயிரோட இருந்திருக்கும்."

பிரதி அமைச்சர் கண்ணாடியைத் தேடினார். அது அவர் கண்ணெதிரேதான் கிடந்தது.

நதீரா வெளியே வந்தாள். வெயில் கொளுத்தியது. காருக்குச் சாரதி இல்லை என்பது, அதன் கதவருகே போன பிறகுதான் உறைத்தது. பஹ்மிதாவிடம் போக வேண்டும். 'கூப்பிட்டது ஆரு' என்று கேட்டாளே... பதில் சொல்ல வேண்டும். நடந்தே போகலாமா...?

"மேடம்!"

கேதீஸ்வரி பின்னால் வந்துகொண்டிருந்தாள். முகத்தில் சங்கடம்.

"மன்னிக்கோணும் மேடம். உங்களையும் விசாரிக்கத்தான் வேணும். தேர்தல் செலவு, லொறி, உங்கட தம்பியோட கொடுக்கல் வாங்கல்... கொஞ்சம் கேள்வி இருக்கு."

நதீரா அவளைப் பார்த்தாள். பல நாட்களுக்குப் பிறகு, உதட்டோரம் களைத்த ஒரு சிரிப்பு வந்தது.

"தாராளமாக் கேளுங்க தங்கச்சி. மௌத்து வீட்டுக்கு ஒரு எட்டுப் போயிட்டு நேரா ஸ்டேஷனுக்குப் போவம்..."

அங்கே நின்ற பொலிஸ் ஜீப்பின் முன்கதவைத் தானே திறந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

"...எழுத்துல மட்டும் கேட்டுடாதீங்க. பதில் வாற நேரம் நீங்க பென்ஷன்ல போயிருப்பீங்க!"