மவுத்கார்டு இப்போது யார் வாயில்?

மாலை 4.20. இறுதி ஆட்டத்துக்கு இன்னும் நாற்பது நிமிடம். மஞ்சள் அணியின் தலைவி தன் நீல டப்பாவைத் திறந்தாள். உள்ளே ஒன்றுமில்லை.

பெண்களுக்கான பன்னாட்டு ரக்பி போட்டியின் மூன்றாம் நாள் அது. களத்தில் அணிக்கு ஏழு பேர், பெஞ்சில் ஐந்து பேர், பாதிக்கு ஏழு நிமிடம். அதற்குள் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து புரள வேண்டும் என்பதால், பல்லைக் காக்க ரப்பர் உறை ஒன்றைக் கடித்துக்கொண்டுதான் ஆட வேண்டும். மவுத்கார்டு இல்லாதவளுக்கு மைதானத்தில் இடமில்லை, தலைவியே ஆனாலும்.

உதிரியாக இருந்ததும் காலை ஆட்டத்தில் கிழிந்துவிட்டது. கடையில் வாங்கியதைப் போட அணி டாக்டர் விடமாட்டார். போன மாதம் ஆட்டம் கண்ட அவள் முன்பல் இப்போதுதான் ஊன்றியிருக்கிறது. அச்சு எடுத்துச் செய்த உறைதான் அதைத் தாங்கும்.

தலைவி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளை பெற்றவள் இனி எங்கே ஓடப்போகிறாள் என்று சொன்ன அத்தனை வாய்களையும் அடைத்துவிட்டு, பிள்ளை பிறந்த ஒன்பதாம் மாதத்தில் இறுதி ஆட்டம் வரை வந்திருக்கிறாள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பது அன்று அவள் விஷயத்தில் எழுத்துக்கு எழுத்து உண்மையாக இருந்தது.

"அண்ணி," என்று கூப்பிட்டாள்.

அண்ணி என்றால் கணவனின் அக்கா. காவல் நிலைய இன்ஸ்பெக்டர். குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்காக லீவு போட்டு வந்தவர். அதற்கென்று கொடுத்த அனுமதி அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மூன்று நாளாக அணியின் பெஞ்சிலேயே இருந்தார். கொள்ளையர்களை அடக்கிய அவரால் அந்தப் பயலை அடக்க முடியவில்லை. ஒன்பது மாதமாகியும் ஒரு பல்லும் முளைக்கவில்லை, ஈறு வீங்கி ஓயாத அழுகை. அரையிறுதி முடிந்த பிறகுதான் ஏதோ மனமிரங்கி அடங்கியிருந்தான். மார்போடு கட்டிய துணிப்பைக்குள் அவனை வைத்து, வெயில் படாமல் அவன் தலைக்கு மேல் அணிக்கொடியைப் போர்த்திக்கொண்டு இன்ஸ்பெக்டர் உடைமாற்றும் அறைக்குள் நுழைந்தார். வெற்றிக் களிப்பில் ஆளாளுக்குத் தண்ணீரைப் பீய்ச்சியடித்திருந்ததால் அவர் சட்டையின் முன்பக்கம் இன்னும் ஈரமாகவே இருந்தது.

"கடைசியா எப்ப வாயில இருந்துச்சு?"

"அரையிறுதியில. முடிஞ்சதும் கழட்டி டப்பால போட்டேன்."

"போட்டதைப் பார்த்தியா?"

"எப்பவும் போடுறதுதானே அண்ணி."

இன்ஸ்பெக்டர் டப்பாவுக்குள் விரலை விட்டுத் தடவினார். உலர்ந்து கிடந்தது. மூடி வைத்தார்.

4.27. அறையில் சந்தேகம் புகுந்துவிட்டது. எதிரணியான பச்சை அணியின் ஆள் ஒருவர் தப்பான கதவைத் திறந்து உள்ளே தலையை நீட்டியதாக ஒருத்தி சொன்னாள். இன்னொருத்தி அறையின் மூலையைப் பார்த்தாள். மூலையில் நின்றவள் பன்னிரண்டாம் எண்காரி, எல்லோருக்கும் கடைக்குட்டி. மூன்று நாளும் பெஞ்சைத் தேய்த்ததைத் தவிர வேறு ஆட்டம் ஆடாதவள். தலைவி இறங்காவிட்டால் இறங்கப்போவது அவள்தான். மற்றவர்கள் வெளியே குதித்துக்கொண்டிருந்தபோது இந்த அறையில் தனியாக இருந்தவளும் அவள்தான்.

பாட்டில்களை நிரப்பிக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். யாராவது பார்த்தார்களா என்று கேட்டதற்கு இல்லை என்றாள். பிறகு தலைவியைப் பார்த்து, "நான் எடுக்கலைக்கா," என்றாள். தலைவி ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள்; தலை நிமிரவில்லை. கடைக்குட்டிக்குக் கண் கலங்கிவிட்டது.

4.33. அணி டாக்டர் தன் டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். எல்லோருடைய மவுத்கார்டுக்குள்ளும் ஒரு சின்னக் கருவி உண்டு. தலையில் பலமாக அடிபட்டால் டாக்டருக்குச் செய்தி வரும். அது வாயில் இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்றும் சொல்லும். தலைவியின் எண்ணுக்கு நேராக அதில் பச்சை விளக்கு எரிந்தது.

"வாயில இருக்குன்னு காட்டுது மேடம்," என்றார் டாக்டர், பேயைக் கண்டவர் போல.

எல்லோரும் தலைவியைப் பார்த்தார்கள். அவள் வாயைத் திறந்து காட்டினாள். பல் மட்டும்தான் இருந்தது.

கருவி எவ்வளவு தூரம் எட்டும் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். சுவர்கள் தடுப்பதால் இந்தக் கட்டடத்தைத் தாண்டாது என்றார் டாக்டர். பச்சை அணி முழுவதும் மைதானத்தின் அந்தக் கோடியில் ஓடிப் பழகிக்கொண்டிருந்தது. அவர்கள் கணக்கிலிருந்து கழிந்தார்கள்.

"அடி ஏதாவது பதிவாயிருக்கா?"

"அடின்னு சொல்ல முடியாது. லேசா அசைஞ்சுக்கிட்டே இருக்கு. நாப்பது நிமிஷமா."

"எல்லாரும் வரிசையா நில்லுங்க. வாயைத் திறங்க."

பன்னிரண்டு பெண்கள் வாயைத் திறந்தார்கள். அவர்களோடு டாக்டர் திறந்தார், பெரிய மீசைக்குக் கீழே பயிற்சியாளரும் திறந்தார். இன்ஸ்பெக்டர் ஒரு கையால் துணிப்பையைத் தாங்கியபடி ஒவ்வொரு வாயாக எட்டிப் பார்த்துக்கொண்டே போனார். பயிற்சியாளருக்கு இரண்டு பல் சொத்தை என்பதைத் தவிர வேறு துப்பு கிடைக்கவில்லை.

வரிசையின் கடைசியில் நின்று கொஞ்சம் யோசித்தார். தனக்கே தெரிந்திருந்தும், ஆட்டம் முடிந்ததும் தலைவி நேரே எங்கே போனாள் என்று டாக்டரிடம் சாட்சி கேட்டார்.

"உங்ககிட்டதான் மேடம். ஓடி வந்து பிள்ளையை வாங்கி முகமெல்லாம் முத்தம் குடுத்தாங்க. அப்புறம் இவங்க எல்லாம் அவங்களைத் தோள்ல தூக்கிட்டுப் போயிட்டாங்க."

இன்ஸ்பெக்டர் தன் ஈரச் சட்டையைத் தொட்டுப் பார்த்தார். நாற்பது நிமிட வெயிலில் காய்ந்திருக்க வேண்டிய தண்ணீர் அது. அவர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு பரவியது, கொஞ்சம் வெட்கமும்தான்.

"குற்றவாளி கிடைச்சாச்சு," என்றார். "முதல்ல டப்பா. இப்பதான் வாயிலேருந்து கழட்டினதை வச்சிருந்தா உள்ள ஈரம் இருக்கணும். காய்ஞ்சு கிடக்கு. நீ போடவே இல்லைம்மா. தினமும் போடுற பழக்கம், போட்டதா நினைச்சுட்டே. ரெண்டாவது, உன் பல்லுக்கு எடுத்த அச்சு வேற யார் பல்லுக்கும் பொருந்தாது. பல்லு இருக்கிற எவளாலயும் அதை நாப்பது நிமிஷம் வாயில வச்சிருக்க முடியாது. முடியுறது பல்லே இல்லாதவனாலதான்."

கொடியை விலக்கினார். துணிப்பைக்குள் பயல் இரண்டு கையாலும் மவுத்கார்டைப் பிடித்துக்கொண்டு, எச்சில் வழிய, உலகத்தை மறந்து கடித்துக்கொண்டிருந்தான்.

"மவுத்கார்டோட முத்தம் குடுக்க முடியுமா? கழட்டிக் கையில வச்சுக்கிட்டே பிள்ளையை வாங்கினே. திருப்பிக் குடுக்கும்போது உன் கையிலேருந்து அவன் கைக்குப் போயிடுச்சு. இவன் அழுகை நின்னப்பவே நான் யோசிச்சிருக்கணும். இடுப்புல பிள்ளையை வச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடினவ கதை என் கதைதான்."

அறையே வெடித்துச் சிரித்தது. பொருளைப் பறிமுதல் செய்ததும் பயல் போட்ட கூச்சல் அந்தச் சிரிப்பையும் மீறியது. தலைவி மகனைத் தூக்கவில்லை. நேராகக் கடைக்குட்டியிடம் போய் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"என் முகத்தைப் பார்த்து சொன்னே, நான் நிமிரலை. தப்பு என்னோடது."

கடைக்குட்டி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பரவாயில்லைக்கா, நீங்க இறங்கினாப் போதும் என்றாள். அவள் அதை மனதாரத்தான் சொன்னாள்.

டாக்டர் மவுத்கார்டை மருந்து நீரில் அலசிக் கொடுத்தார். கடித்துப் பார்த்த தலைவி, ஓரத்தில் ஏதோ நெருடுவதாகச் சொன்னாள். அதையெல்லாம் பார்க்க நேரமில்லை என்று பயிற்சியாளர் அவளை விரட்டினார்.

5.00. இறுதி ஆட்டம். பச்சை அணிக்காரிகள் புயலாக ஓடினார்கள். மஞ்சள் அணிக்காரிகள் விழுந்து விழுந்து தடுத்தார்கள். கடைசி இரண்டு நிமிடம், இரு அணிக்கும் சம புள்ளி. பயிற்சியாளர் கடைக்குட்டியைத் தட்டி உள்ளே அனுப்பினார். ரக்பியில் பந்தைப் பின்பக்கமாகத்தான் எறியலாம், பின்னால் வருகிறவளை நம்பித்தான் எறிய வேண்டும். இரண்டு பச்சைச் சட்டைகள் இடுப்பைப் பிடித்துச் சாய்த்தபோது தலைவி திரும்பிப் பார்க்காமலே எறிந்தாள். பந்து வந்து சேர்ந்த இடத்தில் கடைக்குட்டி இருந்தாள். மூன்று நாளாகச் சேர்த்து வைத்த ஓட்டத்தையெல்லாம் ஒரே மூச்சில் ஓடி, எல்லைக் கோட்டுக்கு அப்பால் பந்தோடு விழுந்தாள். ஐந்து புள்ளி, கோப்பை மஞ்சள் அணிக்கு.

ஆட்டம் முடிந்தது. தலைவி மறுபடியும் பெஞ்சை நோக்கித்தான் ஓடி வந்தாள். இன்ஸ்பெக்டர் பிள்ளையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு உள்ளங்கையை நீட்டினார்.

"முதல்ல அதை இங்க குடு."

வாங்கிய பிறகு, அவள் சொன்ன நெருடல் ஞாபகம் வந்து ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். ரப்பரில் புத்தம் புதிதாக ஒரு சின்ன வெட்டு, அரிசி முனை அளவு. தலைவியும் பார்த்தாள். விரலைத் துடைத்துக்கொண்டு மகனின் கீழ் ஈற்றைத் தடவினாள். அவன் சும்மா இருப்பானா, கடித்தான். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

"துப்பெல்லாம் சரிதான் அண்ணி. ஒரு பல்லு மட்டும் கணக்குல விட்டுப்போச்சு."

கோப்பையை வாங்க வரும்படி ஒலிபெருக்கி மூன்றாம் முறையாக அழைத்தது. யாரும் நகரவில்லை. மஞ்சள் சட்டைகளும் பச்சைச் சட்டைகளும் ஒரே வரிசையில், கையைக் கழுவிக்கொண்டு, அந்தப் பல்லைத் தொட்டுப் பார்க்க நின்றுகொண்டிருந்தன. வரிசையில் முதல் ஆள் கடைக்குட்டி.