தலைக்கு ஒரு தட்டு

1965-இல் பெங்களூருக்கு வெளியே ஒரு பாறைக்குன்றில் அந்தச் சீமை இயந்திரத்தை ஓட்டிப் பார்த்தார்கள். வெடியே வைக்காமல், பாறையைத் தேய்த்துத் தேய்த்துச் சுரங்கத்துக்கு வழி குடைந்துவிடுமாம். பத்துப் பேர் கேலியும் கூச்சலுமாகச் செய்த வேலைக்கு உள்ளே ஒற்றை ஆள் போதும். அந்த ஒற்றை ஆள் மதலைமுத்து. கோலார் தங்கவயலில் பாறை சரிந்தபோது தம்பி சவரிமுத்து மட்டும் உள்ளே சிக்கினான், உடல்கூடக் கிடைக்கவில்லை. அதன்பின் மதலைமுத்துவுக்கு ஆஸ்டின் டவுனில் ஓர் அறை, ஒரு பாய், ஒரு டம்ளர். பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் மனுஷன் எத்தனை காலம்தான் இருப்பான்?

அன்று மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் இயந்திரத்தை நிறுத்தினான். சூடான எண்ணெய் வாடை. எங்கோ தண்ணீர் சொட்டியது. விளக்குக்கு அப்பால் கெட்டி இருட்டு. பழக்கதோஷத்தில் இரும்புத் தண்ணீர்க் குழாயை ஸ்பேனரால் மூன்று முறை தட்டினான். தங்கவயலில் கடைசியாகக் கிளம்புகிறவன் அப்படித்தான் தட்டுவான். உள்ளே யாராவது இருந்தால் தலைக்கு ஒரு தட்டாகப் பதில் வரும். பதில் வந்தால் விட்டுவிட்டுப் போகக்கூடாது.

டொக்.

“சவரி... நீயாடா?” பயத்தைவிட ஆசைதான் முந்திக்கொண்டது.

டொக்.

இரண்டா? கூட இன்னொருவன் யார்?

பிறகுதான் உறைத்தது. உள்ளே நிற்கும் தன்னையும் சேர்த்துத்தான் சவரி எண்ணியிருக்கிறான்.

மதலைமுத்து எடுத்தான் ஓட்டம். வெளியே வெயிலில் பம்புக்காரன் முனிராஜ் கை கழுவிக்கொண்டிருந்தான். மதலைமுத்து ஒரு கல்லை எடுத்துக் குழாயின் வெளிமுனையில் மூன்று முறை தட்டினான்.

டொக்.

அவ்வளவுதான்.

“உள்ள யாருண்ணா?” முனிராஜ் குழாயில் காதை வைத்தான்.

மதலைமுத்துவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. செத்தும் தனியாகத்தான் கிடக்கிறான், பாவி.

“ஊட்டா ஆறிப்போவுது, வாங்கண்ணா.”

“நீ துன்னு கண்ணு. என் தம்பி காத்துனு இருக்கான்.”

விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தான். காலடிச் சத்தம் தேய்ந்து அடங்கியது.

வெகுநேரமாகியும் வரவில்லையென்று ஆட்கள் தேடிப் போனார்கள். சுரங்கத்துக்கு மறுபக்கம் வழியே கிடையாது, வெறும் பாறை. இயந்திரத்தின் அருகே விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

எல்லோரும் வெளியே வந்தபின், முனிராஜ் அதே கல்லை எடுத்து மூன்று முறை தட்டினான்.

டொக்.

டொக்.