வலப்பக்கம் இறங்கிய வண்டி

பின் சீட்டில் ஓர் ஆள் உட்காரும் இடத்தில் மட்டும் தூசி இல்லை.

மங்களம் துடைப்பத்தைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். தார்ப்பாயை இழுத்துப் போட்டதும் கொட்டகை முழுக்கப் புழுதி எழும்பி, தகரக் கூரையின் ஓட்டைகள் வழியே விழுந்த வெயிலில் சுற்றிச் சுற்றி மெல்ல அடங்கியது. கிழிந்த தார்ப்பாய் எத்தனை நாளைக்குத்தான் காக்கும்? ஸ்டியரிங் மேலும், முன் சீட்டின் மேலும், பின்னால் மடித்துத் தள்ளியிருந்த துணிக்கூரையின் மேலும் பதினாறு வருஷத்துப் புழுதி விரல் கனத்துக்குப் படிந்து கிடந்தது. பின் சீட்டின் இடப்பக்கமும் அப்படித்தான் கிடந்தது. வலப்பக்கம் மட்டும் அந்தச் சிவப்புத் தோல் பளபளவென்று இருந்தது. கொஞ்சம் குழிந்தும் இருந்தது.

பூனை படுத்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கையை வைத்துப் பார்த்தாள். இளஞ்சூடாக இருந்தது. பேருந்தில் ஒருவர் எழுந்துபோன இடத்தில் உடனே உட்கார்ந்தால் உறைக்குமே, அந்தச் சூடு. தகரக் கொட்டகை, நடுப்பகல், சூடாக இல்லாமல் என்ன செய்யும் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தாள். ஆனால் துடைப்பத்தை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை அவளுக்குப் பெருமாள் கோயிலில் கல்யாணம். முப்பத்தைந்து வயதில் கல்யாணமா என்று சிராங்கூன் சாலைப் பக்கம் வாய் வலிக்கப் பேசிவிட்டார்கள், பேசட்டும். வடிவேலு தமிழ்ப் பள்ளிக்கூட வாத்தியார், மனைவியை இழந்தவர், அதிகம் பேசாதவர். குவீன்ஸ்டவுனில் புது அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். ஜன்னலைத் திறந்தால் காற்று வருமாம், இரண்டு பக்கமும். வாழ்நாள் முழுக்க இந்த இருட்டு வீட்டில் தையல் மிஷினை மிதித்தவளுக்கு அது ஒன்றே போதும். இந்த வண்டி வெளியே போய்விட்டால் வீட்டைச் சாவியோடு ஒப்படைத்துவிட்டு அவளும் வெளியே போய்விடலாம்.

வண்டி அவள் அப்பா சேதுபதியுடையது. ஆஸ்டின், கூரையை மடக்கினால் திறந்த வண்டி. அந்தக் காலத்தில் மாப்பிள்ளை அழைப்பு என்றால் அந்த வண்டிதான். நாதஸ்வரம் முன்னால் போக, பெட்ரோமாக்ஸ் விளக்குகள் இரண்டு பக்கமும் வர, பின் சீட்டில் மாலையும் தலைப்பாகையுமாய் மாப்பிள்ளை. பெண் வீட்டு வாசலில் வண்டி நின்றதும், பெண் வீட்டுப் பெண்கள் ஆரத்தி சுற்றி முடிக்கிறவரை அவர் தரையில் கால் வைக்கக்கூடாது. அது முறை.

எத்தனையோ பேருக்கு ஓட்டினவர் சொந்த மகள் மங்களத்துக்கு ஓட்டாமல் இருப்பாரா? நாற்பத்திரண்டாம் வருஷம், தை மாதம். ஊர் முழுக்க ஜப்பான்காரன் குண்டுப் பயம், இருந்தாலும் நாள் குறித்தாயிற்று. மாப்பிள்ளை மாணிக்கம் துறைமுகத்தில் ஸ்டோர் கீப்பர். ஊர்வலம் பாதி வழி வந்தபோது அபாயச் சங்கு ஊதியது. கூட்டம் சாக்கடையிலும், கடைகளை ஒட்டிக் கூரையோடு ஓடும் ஐந்தடி நடைபாதையிலும் பதுங்கியது. பக்கத்துச் சந்தில் குண்டு விழுந்து, புழுதி அடங்கிப் பார்த்தால் பின் சீட்டில் மாலை கிடந்தது. மாப்பிள்ளை இல்லை. பயந்து ஓடியிருப்பார் என்றார்கள், ஓடின இடத்தில் இன்னொரு குண்டு என்றார்கள். உடம்பு எங்கும் கிடைக்கவில்லை.

அப்பா மட்டும் சாகிறவரை ஒன்றையே சொன்னார். "நான் ஸ்டியரிங்க விட்டு அசையல. கதவு திறக்கல. மாப்பிள்ளை இறங்கவே இல்லம்மா."

அன்று வண்டியைப் பின்சந்து வழியாகக் கொண்டுவந்து, அதன் முகப்பு வீட்டின் பின்வாசலைப் பார்க்கும்படி கொட்டகைக்குள் நிறுத்தினார். ஜப்பான்காரன் கண்ணில் படாமல் விறகு அடுக்கி மறைத்தார். ஒருவரையும் ஏறவிடவில்லை. ஆயுத பூசைக்கு அதற்கு ஒரு பூ வைப்பார், அவ்வளவுதான். ஆரத்தி எடுக்கட்டுமா என்று அவள் ஒருமுறை கேட்டதற்கு, "இந்த வண்டிக்கு மட்டும் வேணாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகள் கல்யாணம் நின்றதில் மனிதருக்கு மூளை கொஞ்சம் பிசகிவிட்டது என்று நினைத்து அவளும் விட்டுவிட்டாள். போன வருஷம் அவரும் போய்ச் சேர்ந்தார்.

மறுநாள் காலை நெய்னா முகம்மது வந்தார். ஜாலான் புசாரில் பட்டறை வைத்திருப்பவர். பழைய கார்களை வாங்கி, பிரித்து, பூட்டி, வெள்ளைக்காரர்களுக்கு விற்பவர். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்ததிலேயே அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"எஞ்சின் இறுகித்தான் கெடக்கும் தங்கச்சி, அதைப் பத்திக் கவலையில்ல. பிரிச்சு மாட்டிரலாம். துணிக்கூரை புதுசா தைக்கணும். பாடி மட்டும் தங்கம் லா." குனிந்து பின்பக்கம் பார்த்தவர் நாக்கைச் சப்புக்கொட்டினார். "இங்கதான் கொஞ்சம் வேலை இருக்கு. வலப்பக்கம் இறங்கியிருக்கு பாருங்க."

அவளும் பார்த்தாள். மரக்கட்டைகளின் மேல் நிற்கிற வண்டி பின்னால் வலப்பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"ஸ்பிரிங் போயிருச்சு. ஆள் உக்காந்தா எப்படி இறங்கும், அந்த மாதிரி."

"யாரும் உக்காரலையே பாய்."

"அதான் சொல்றேன், ஸ்பிரிங் போயிருச்சு." அவர் சிரித்தார். "புதன்கிழம சாயங்காலம் லாரியோட வர்றேன். அதுக்கு முன்னாடி பசங்க வந்து சக்கரம் மாட்டிருவாங்க."

நடுவில் இருந்த நாட்களில் மங்களம் ஓரிடத்தில் உட்காரவில்லை. ரவிக்கைக்குக் கை தைக்க உட்கார்வாள், ஊசியைக் கோத்துவிட்டு எழுந்து பின்வாசலுக்குப் போவாள், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்புவாள். கொட்டகைப் பக்கமிருந்து ஒரு வாசனை வந்துகொண்டே இருந்தது. துருவும் எலிப்புழுக்கையும் நாறினால் நியாயம். இது சந்தனம். வாடத் தொடங்கிய மல்லிகை. அடியில் லேசாக மண்ணெண்ணெய், பெட்ரோமாக்ஸ் எரியும்போது வருமே, அது. அடுப்படியில் மீன் வறுத்தாள், சாம்பிராணி போட்டாள், ஒன்றுக்கும் அது மசியவில்லை.

பூனைதானே, பார்த்துவிடலாம் என்று ஒரு தமிழ் முரசுத் தாளை விரித்து அந்த இடத்தில் போட்டுவைத்தாள். மறுநாள் தாள் கசங்கிக் குழிக்குள் அமுங்கியிருந்தது. பூனை மயிர் ஒன்றுகூட இல்லை. தாளின் ஓரத்தில் மஞ்சளாய் ஏதோ ஒட்டியிருந்தது, முகர்ந்து பார்க்க மனம் வரவில்லை. கையை உதறிவிட்டு நிமிர்ந்தபோது வண்டி ஒருமுறை முனகியது. உட்கார்ந்திருப்பவர் காலை மாற்றிப் போட்டால் கட்டில் முனகுமே, அது மாதிரி. அவள் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் வந்து கதவைத் தாழ் போட்டாள். பயமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது, ஒரு பழைய வண்டிக்குப் பயப்படுகிறோமே என்று.

வடிவேலுவிடம் சொல்லலாமா என்று நினைத்தாள். என்னவென்று சொல்வது? நின்றுபோன கல்யாணத்தின் மாப்பிள்ளை பற்றி, கட்டிக்கப் போகிறவரிடமா? புதன்கிழமை போய்விடும். புதன்கிழமை போய்விடும் என்று மிஷின் மிதிக்கிற தாளத்தில் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

புதன்கிழமை பிற்பகலிலேயே வானம் இருட்டிவிட்டது. லாரி பின்சந்தில் வந்து நின்றது. பக்கத்து வீட்டு ரத்தினம்மா, அடுத்த வீட்டில் ஒரு பாத்திரம் உருண்டாலே எட்டிப் பார்ப்பவள், இதற்கு வராமல் இருப்பாளா? இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பின்வாசலில் வந்து நின்றாள்.

"ஏண்டி மங்களம், இத்தன வருஷம் வீட்டுல நின்ன வண்டிய வெறுமனேயா தள்ளி அனுப்புவ? கல்யாணத்த வச்சுக்கிட்டு? ஒரு ஆரத்தி சுத்திக் கொட்டிட்டு அனுப்பு. பீடையெல்லாம் அதோட போவட்டும்."

"அப்பா வேணாம்னு சொல்வாருக்கா."

"அவரு இருந்தப்ப அவரு சொன்னாரு. இப்ப நான் சொல்றேன்." அதற்குள் அவள் அடுப்படிக்குள் நுழைந்து தட்டில் தண்ணீர் ஊற்றி மஞ்சளைக் கரைத்தாயிற்று.

பீடை போகட்டும் என்ற சொல் மங்களத்தைப் பிடித்துக்கொண்டது. எல்லாம் போகட்டும். வாசனை, முனகல், அந்தச் சூடு, எல்லாம். அவளே சுண்ணாம்பை எடுத்துப் போட்டாள். தண்ணீர் சிவந்தது. வெற்றிலையில் சூடம் ஏற்றி, இரண்டு பேரும் தட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு பின்வாசல் படியில் நின்றார்கள். எதிரில் வண்டி, முகப்பு அவர்களைப் பார்த்தபடி.

ஒரு சுற்று. சூடத்தின் வெளிச்சம் முன்கண்ணாடியில் ஏறி இறங்கியது.

இரண்டாவது சுற்று. அந்த வெளிச்சத்தில் பின் சீட்டின் தோல் பளபளத்தது.

மூன்றாவது சுற்றில்தான் அவளுக்கு உறைத்தது. கிளம்பிப் போகிற வண்டிக்கு யாராவது வாசல்படியில் நின்று ஆரத்தி எடுப்பார்களா? இது வந்து நிற்கிற வண்டிக்கு எடுப்பது. பெண் வீட்டு வாசலில். இரண்டு பெண்கள். மாப்பிள்ளைக்கு.

"அக்கா, போதும்."

"முடிஞ்சிருச்சுடி." ரத்தினம்மா சிவப்பு நீரைப் படிக்குக் கீழே கொட்டினாள். தொட்ட விரலால் வண்டி முகப்பில் ஒரு பொட்டும் வைத்தாள்.

கிறீச்சென்று ஒரு சத்தம். வண்டியின் பின்பக்கம், வலப்பக்கம், ஒரு சாண் மேலே எழும்பி, ஒருமுறை ஆடி, நேராக நின்றது.

நெய்னா முகம்மது குனிந்து பார்த்தார். தட்டிப் பார்த்தார். அவருக்கு ஒரே சந்தோஷம். "ஸ்பிரிங் நல்லாத்தான் இருந்திருக்கு தங்கச்சி. எங்கயோ சிக்கிக்கிட்டு நின்னுச்சு போல. இப்ப விட்டிருச்சு."

ஆட்கள் வண்டியைப் பின்னுக்குத் தள்ளினார்கள். அது லேசாக உருண்டு வெளியே போனது. பின் சீட்டில் யாரும் இல்லை. சந்தனம் இல்லை, மல்லிகை இல்லை, பழைய இரும்பின் நாற்றம் மட்டும். லாரி கிளம்பியது. ரத்தினம்மா மழை வருது, துணி காயுது என்று ஓடினாள். கொட்டகை காலியாகக் கிடந்தது.

அப்பாடா என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு அவள் கீழே பார்த்தாள்.

கொட்டின ஆரத்தி நீரில் ஒரு பாதம் அழுந்தியிருந்தது. அடுத்தது படியின் மேல். வலது கால். செருப்பில்லாத கால். அதற்கடுத்தது வாசல்படியைத் தாண்டி, சிமெண்டுத் தரையில், சிவப்பாய், ஈரமாய், உள்ளே போயிருந்தது. திரும்பி வந்த தடம் இல்லை.

மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் அது விழுகிற இரைச்சலில் வேறொன்றும் கேட்கவில்லை. வெளியே ஓடலாம். ஓடி எங்கே போவது? விளக்கு வைக்கும் நேரத்தில் வடிவேலு வருவதாகச் சொல்லியிருந்தார், கூறைப்புடவை எடுக்கக் கூட்டிப் போக. முன்வாசல் வழியாகத்தான் வருவார். அவர் வருகிறபோது வீட்டில் அவள் இல்லாமல், அது மட்டும் இருந்தால்? அந்த நினைப்புத்தான் அவளை உள்ளே தள்ளியது. தடங்களை மிதிக்காமல், சுவரோடு ஒட்டி நடந்தாள்.

அடுப்படி. தடம். நடை. தடம். கூடத்தில் போய் அவை நின்றன, சாமி மாடத்தின் முன்னால்.

கூடத்தில் யாரும் இல்லை.

மாடத்துக் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் ஏற்றவில்லை. அது மாடத்திலும் இல்லை. நடுக்கூடத்தில், தரையில் இருந்தது. தையல் மிஷின் சுவரோரமாக நகர்த்தப்பட்டிருந்தது. மணமேடையில் போல, விளக்கை மூன்று முறை வலம்வர இடம்.

சந்தன வாசனை.

முன்கதவு தட்டப்பட்டது. "மங்களம்." வடிவேலுவின் குரல். குடையை மடக்குகிற சத்தம். "நான்தான் வந்திருக்கேன்."

உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது. வந்துட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். கதவு பத்தடியில் இருந்தது. ஓரடி எடுத்து வைத்தாள்.

வலது கை மட்டும் அவளோடு வரவில்லை.

சுண்டுவிரலில் ஏதோ கோத்திருந்தது. சில்லென்று. ஈரமாக. இன்னொரு சுண்டுவிரல், அவ்வளவுதான். முரட்டுத்தனமே இல்லை. எதிரில் காற்றுத்தான் இருந்தது. ஆனால் விரலின் மேல் மஞ்சளாய்ச் சந்தனம் ஒட்டிக்கொண்டிருந்தது, கொஞ்சம் கொஞ்சமாய்ப் பரவிக்கொண்டிருந்தது. கழுத்தில் மாலை விழுந்ததுபோல் கனத்தது. பார்க்க ஒன்றும் இல்லை, வாடின மல்லிகை மட்டும் மணத்தது.

இழுத்தது. மெதுவாக. வெட்கப்படுகிற பெண்ணை இழுக்கிற மாதிரி.

கால் நகர்ந்தது. அவள் நகர்த்தவில்லை. விளக்கு அவளுடைய வலப்பக்கம் வந்தது.

"மங்களம், உள்ள விளக்கு எரியுதே. கதவைத் திறம்மா."

ஒரு சுற்று. அவளுக்கு முன்னால் வெறுந்தரையில் சிவப்பாய் ஒரு வலது பாதம் விழுந்தது. பிறகு இடது. பிறகு வலது.

குரல் வரவில்லை. கண்ணீர் வந்தது. குவீன்ஸ்டவுன் ஜன்னலை நினைத்தாள், இரண்டு பக்கமும் காற்று.

இரண்டாவது சுற்று.

வெளியே வடிவேலு இன்னொருமுறை தட்டினார். பக்கத்து வீட்டில் விசாரிக்கலாம் என்று நினைத்திருப்பார். குடை விரிகிற சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் மழையில் ஐந்தடி நடைபாதையோடு தேய்ந்து போனது.

சுண்டுவிரலில் பிடி இறுகியது. பாதங்கள் மூன்றாவது சுற்றுக்குத் திரும்பின.