மாடிப்படிக் கம்பளம்

நாயைக் கொடுத்து இருபத்தோரு நாள் ஆகிவிட்டது. ஆனாலும் அன்று காலை எட்டாவது படியில் முடி கிடந்தது.

இருதயமேரி குனிந்து பார்த்தாள். பழுப்பும் வெள்ளையுமாக, விரல் நீளத்தில், கம்பளத்தோடு கம்பளமாகப் படுத்துக் கிடந்தது. பிரௌனி இந்த வீட்டில் இருந்த நான்கு வருஷத்தில் ஒரு நாள்கூட மாடி ஏறியதில்லை. முதல் படியில் மோவாயை வைத்துப் படுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். கணவன் ஸ்டானிஸ்லாஸ் அதைக் காரில் ஏற்றிப்போய்க் கோப்பெங்கில் தன் தங்கை வீட்டில் விட்டுவந்த மறுநாள், முடி இரண்டாவது படியில் இருந்தது. பிறகு நான்காவதில். பிறகு ஆறாவதில். மொத்தம் பதினான்கு படிகள். பதினான்காவது படிக்கு நேர் எதிரே மகள் பெட்ரீசியாவின் அறை.

பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மூன்று வாரமாக ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து, ஆறு வயதுப் பிள்ளையின் நெஞ்சுக்குள் இழுக்கும் இழுப்பைக் கேட்டுக் கேட்டு, பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்ட ஈறு மாதிரி அவள் மனசு மரத்துப் போயிருந்தது. டாக்டர் சொன்னது மட்டும் மறக்கவில்லை. பிள்ளையை வியாழக்கிழமை நாலு மணிக்கு அழைத்துப் போகலாம். வீட்டில் ஒரு முடிகூட இருக்கக்கூடாது. இன்னொரு தடவை இப்படி இழுத்தால் அந்தச் சின்ன நெஞ்சு தாங்காது.

இன்று வியாழக்கிழமை.

முடியை எடுக்க அவள் செய்யாதது இல்லை. ஈரத் துணியால் துடைத்தாள். ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள் ஆகையால், பழைய ரப்பர் செருப்பின் அடியால் அழுத்தித் தேய்த்தால் முடி உருண்டு வரும் என்று தெரியும், அதையும் செய்தாள். வந்தது. மறுநாள் மறுபடியும் கிடந்தது. கம்பளத்தையே பிய்த்து எறிந்துவிடலாம் என்று ஸ்டானிஸ்லாஸ் போன ஞாயிற்றுக்கிழமை ஸ்குரூ டிரைவரோடு உட்கார்ந்தான். முன்பு குடியிருந்த ஈயச் சுரங்க வெள்ளைக்காரர் போட்டுவிட்டுப் போன கம்பளம் அது. ஓர் ஓரத்தை நெம்பினான். இரண்டு நிமிஷத்தில் எழுந்து குழாயடிக்குப் போய்க் கை கழுவினான். வெகுநேரம் கழுவினான். வீட்டுச் சொந்தக்காரர் சத்தம் போடுவார், விட்டுவிடு என்று சொல்லிவிட்டு, லூமுட்டில் தான் வேலை பார்க்கும் கடற்படைத் தளத்துக்கு அன்று சாயங்காலமே கிளம்பிவிட்டான். வியாழக்கிழமை அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிள்ளையை அழைத்துவருவதாக ஏற்பாடு.

ஆகவே தூசி உறிஞ்சும் மெஷின்தான் வழி. ஈப்போ டவுன் கடை ஒன்றுக்குப் போன் செய்தாள். மதியம் ஒரு மணிக்கு வேன் வந்தது. அதிலிருந்து இறங்கியவன் ஜெயபாலன். நாற்பது வயது, முன்வழுக்கை, ஓயாத வாய். மூன்று மெஷின்களை வாசலில் வரிசையாக வைத்தான்.

"நாய்க்குக் கொட்டுனா நீங்க கடைக்குப் போன் போடுறீங்க. எனக்குக் கொட்டுறதுக்கு யாருக்கா போன் போடுறது?" என்று தன் தலையைத் தடவிக் காட்டினான்.

இருதயமேரி சிரிக்க முயன்றாள். உதடு ஒத்துழைக்கவில்லை.

முதல் மெஷின் நிமிர்ந்து நிற்கிற ஜாதி. படியின் அகலத்தில் உட்காராமல் சரிந்து சரிந்து விழுந்தது. அது சமதரைக்குத்தான் சரி என்று அவனே ஓரமாக வைத்தான். இரண்டாவது உருளை மாதிரி இருந்தது. குழாய் நீளம்தான்; ஆனால் மேலாக இருந்த தூசியைத்தான் உறிஞ்சியது. முடி அசையவே இல்லை. மூன்றாவது கனமானது. அதன் குழாய் முனையில் கையகலத்துக்கு ஒரு தலை. அதற்குள் சுழலும் பிரஷ். படிக்கும் முடிக்கும் இதை விட்டால் வேறு கிடையாது என்றான்.

கடைக்காரர்களின் வழக்கம் ஒன்று உண்டு. குழாய்க்குள் வெள்ளைத் துணி வட்டம் ஒன்றை வைத்து, படிக்கொரு துணி மாற்றி, எடுத்த அழுக்கை வீட்டம்மா கண்ணில் காட்டுவது. துணி வெள்ளையாகவே வந்தால் அந்த இடம் சுத்தம் என்று அர்த்தம். ஜெயபாலன் முதல் படியில் ஆரம்பித்தான். மூன்றாவது படி வரை பேசிக்கொண்டே வந்தான். ஐந்தாவது படியில் பேச்சு நின்றது. எட்டாவது படித் துணியை எடுத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனான். அங்கேயே நின்றான்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது.

"நாயைக் கொடுத்து எத்தன நாளாச்சுக்கா?"

"மூணு வாரம்."

அவன் துணியை அவளிடம் நீட்டினான். ஒவ்வொரு முடியின் அடியிலும் கடுகில் பாதி அளவுக்கு வெள்ளையாக ஒரு முனை. அதைச் சுற்றி ஈரம். துணியில் அந்த ஈரம் இளஞ்சிவப்பாக ஊறியிருந்தது.

"இது கொட்டுன முடி இல்லக்கா," என்றான் மெதுவாக. "பிடுங்குன முடி."

பிறகு அவன் பேசியதெல்லாம் அவசரப் பேச்சு. மெஷின் இருக்கட்டும், திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றான். இதற்கு மேல் எடுக்க வேண்டாம், பிள்ளையை வேறு யார் வீட்டிலாவது வைத்துக்கொள்ளுங்கள் என்றான். மற்ற இரண்டையும் மழையில் நனைந்தபடி தூக்கிப் போட்டுக்கொண்டு வேனை எடுத்தான்.

மணி இரண்டரை.

வேறு யார் வீட்டில் வைப்பது? கோப்பெங்கில் இப்போது நாய் இருக்கிறது. இருதயமேரி யோசித்தாள், யோசித்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. எட்டாவது படியில் இன்னும் முடி இருக்கிறது. நாலு மணிக்கு மேல் பிள்ளை வந்துவிடுவாள். அவள் மெஷினைப் போட்டாள்.

மோட்டார் அலறியது, கூரையில் மழை அலறியது, அந்த இரண்டுக்கும் அடியில், யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு மூக்கால் முனகுவது போன்ற மெல்லிய சத்தம் ஒன்று படி படியாக அவள் கூடவே வந்தது. எண்ணெய் வைக்காத தலையின் வாடை எழுந்தது. அழுத்தினாள். பிரஷ் சுழன்றது. முடி வந்தது. பழுப்பு முடி, வெள்ளை முடி, கம்பளத்தின் சிவப்பு இழை, எல்லாம் ஒன்றாகவே வந்தன. எல்லாவற்றின் நுனியிலும் ஈரம். பை நிரம்பியது. கொட்டினாள். மறுபடி நிரம்பியது. கொட்டினாள்.

ஒன்பது. பத்து. பதினொன்று.

துணி சிவந்தது. மாற்றினாள். மறுபடி சிவந்தது.

பதினான்கு.

மேலிருந்து கீழே மறுபடி வந்தாள். ஒவ்வொரு படியாக. துணி வெள்ளையாக வந்தது. எல்லாப் படியிலும் வெள்ளை. மெஷினை நிறுத்தினாள்.

கம்பளம் இல்லை. வெளிறிய சிவப்பில், வழவழவென்று, வெறும் படிகள். புள்ளி புள்ளியாக நுண்ணிய துளைகள். உள்ளங்கையை வைத்தாள். கதகதப்பு. ஒரு முடி இல்லை. அதுதானே வேண்டும். அதுதான் வேண்டும்.

வாசலில் கார் நின்றது.

பெட்ரீசியா தலையில் துண்டோடு ஓடி வந்தாள். ஓடிய நாலு எட்டுக்கே இழுப்பு கிளம்பிவிட்டது. மருந்துப் பையை எடுக்க ஸ்டானிஸ்லாஸ் கார் பின்பக்கம் போனான். பிள்ளை மூச்சு வாங்க நாலாவது படியில் உட்கார்ந்தாள். கையால் தடவினாள்.

"அம்மா, சூடா இருக்குலா," என்றாள்.

கன்னத்தை வைத்துப் படுத்தாள்.

இழுப்பு குறைந்தது. இன்னும் குறைந்தது. நின்றது. முதுகு சீராக ஏறி இறங்கியது. மூன்று வாரத்தில் முதல் தடவையாக இருதயமேரிக்கு அழ வேண்டும் போல் இருந்தது. பக்கத்தில் மண்டியிட்டாள்.

படி ஏறியது. பிள்ளையின் முதுகு ஏறியது.

படி இறங்கியது. முதுகு இறங்கியது.

விரலை மகளின் மூக்கடியில் வைத்தாள். காற்று இல்லை. வாயருகே வைத்தாள். இல்லை. தோளைப் பிடித்துத் தூக்கினாள். தோள் வந்தது.

கன்னம் வரவில்லை.

திறந்த வாசல் வழியாக மழைக்காற்று உள்ளே வந்தது. கீழ்ப்படியிலிருந்து மேல்படி வரைக்கும், நடுவில் பெட்ரீசியாவின் கன்னத்தையும் சேர்த்து, ஒரே தோலாகச் சிலிர்த்தது.