தகரக் கூரை அடங்கியபோது

ஹல்துமுல்லை பஸ் தரிப்பில் பிரஷாந்தினி கேட்ட கேள்விக்கு அங்கே நின்ற இளைஞன் பதிலே சொல்லவில்லை.

"பதுளை பஸ் போயிருச்சாங்க?"

வாய் திறந்தது... மூடியது. பிறகு கையை வீசி, போய்விட்டது என்பதுபோல் மலைத் திருப்பத்தைக் காட்டினான். காலடியில் துணிப் பொதி. அதில் பதுளைக் கடையொன்றின் பெயர்.

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. தேயிலைத் தோட்டத்தில் தன் லயத்து வரிசை வீடுகளிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் பெண் அவள். இப்படி வீசும் கைகளை நிறையப் பார்த்துவிட்டாள்.

"தோட்டத்துப் பொண்ணுகிட்ட வாய் திறந்தா முத்து உதிர்ந்துருமோ?"

அவன் கண்கள் தாழ்ந்தன. நீளமான இமைகள்... அதைக் கவனித்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரை அதிர்ந்தது.

"திமிர் இல்லைங்க," அவன் உரக்கச் சொன்னான். "எனக்குப் பேச்சு திக்கும். பேரு கிரிஷாந்தன். மத்த நேரம் அந்தப் பேரே வாயில வராது. இப்படி மழை பேஞ்சா மட்டும் வந்துருது. ஏன்னுதான் தெரியல."

ஓரிடத்திலும் தடக்கவில்லை.

பிரஷாந்தினிக்கு முகம் சுட்டது. திக்குவாய்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் ஆஸ்பத்திரியில் அவள் வேலையே.

"ஏன்னு எனக்குத் தெரியும்," என்றாள். "நாம பேசுறத நம்ம காதும் கேக்குது. மூளை அத வச்சுத்தான் நாக்கு எங்க போகணும், உதடு எப்ப மூடணும்னு சரிபாக்கும். உங்களுக்கு அந்த எடத்துல இடறுது. மழை காத அடைச்சா சரிபாக்குறத விட்டுருது... ஆராய்ச்சி செஞ்சவங்க அப்படித்தான் நெனைக்கிறாங்க."

"டொக்டரா நீங்க?"

"பேச்சுப் பயிற்சி குடுக்குறவ. அதான் வெக்கமா இருக்கு. மன்னிச்சிருங்க."

அவன் சிரித்தான். "அப்ப மழை விடுறதுக்குள்ள சொல்லிடுறேன். புள்ளத்தாச்சிக்கு சீட் கேட்டு கண்டக்டரோட சண்ட போட்டீங்களே, அன்னைக்கு அந்த பஸ்ல நானும் இருந்தேன். அதுக்கப்புறம் துணி விக்க மட்டும் நான் இந்தப் பக்கம் வரல. எனக்கு..."

மழை நின்றது. மலையில் அப்படித்தான், சொல்லாமல் நிற்கும்.

அவன் வாயும் நின்றது.

"மழைக்குச் சொன்னது போதும்," என்றாள். "இப்ப எனக்குச் சொல்லுங்க. அவசரமில்ல."

"நா... நான் கி... கி..."

கழுத்து நரம்பு புடைத்தது. தெரிந்த பெயர்தான், அவள் நாக்கு நுனியில் நின்றது. எடுத்துக் கொடுக்கவில்லை. கண்ணையும் எடுக்கவில்லை.

அடுத்த பஸ் வந்து நின்றது. "தங்கச்சி, ஏறுறீங்களா இல்லையா?" என்றார் கண்டக்டர்.

"இருங்கண்ணே. அவர் பேசிக்கிட்டிருக்காரு."

ஜன்னல்களில் தலைகள் நீண்டன.

"கி... கிரிஷாந்தன்." மூச்சு வாங்கினான். "உ... உங்கள... எனக்குப் பு... பு... புடிச்சிருக்கு."

குனிந்து, துணிப் பொதியின் ஒரு முனையைத் தூக்கினாள்.

"அந்தப் பக்கம் புடிங்க."

"ப... பதில்?"

"பதுளை தூரந்தானே..." என்றாள் பிரஷாந்தினி. "சொல்றேன். நீங்களும் அவசரப்படாதீங்க."